திருப்பித் தர வேண்டாத பணம்

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை.

உங்கள் கையில் பத்து லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (வைத்துக்கொள்ளத்தானே சொல்கிறேன், காசா பணமா!) மூன்று பேர் கேட்டு வருகிறார்கள். முதல் ஆள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வைக்கப் போகிறேன் என்கிறார். இரண்டாவது ஆள், செல்போனில் ஒரு ஆப் செய்கிறேன், ஆறே மாதத்தில் ரெடி என்கிறார். மூன்றாவதாக ஒரு பெண். ''பாலில் ஆன்டிபயாடிக் மருந்து கலந்திருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் சொல்லும் குச்சி ஒன்று செய்யப் போகிறேன். ஆனால், அது வேலை செய்யுமா என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பணம்'' என்கிறாள்.

யாருக்குக் கொடுப்பீர்கள்?

நான் யோசிக்கவே மாட்டேன். டீக்கடைக்குத்தான். பி.காம். படித்தவன் சார். போட்ட பணம் எப்போது திரும்பும் என்று கேட்டே பழக்கப்பட்ட புத்தி.

சிக்கல் என்னவென்றால், அந்த மூன்றாவது பெண் என் அக்கா மகள்.

கும்பகோணத்தில் அத்தானுக்கு ஹார்டுவேர் கடை. 2021 கடைசியில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு போன். கடையை மூடிவிட்டு வாசலில் நின்று பேசுகிறார் என்பது ஷட்டர் சத்தத்திலேயே தெரிந்தது.

''மாப்ளே, உன் மருமக வேலைய விட்டுட்டு வந்து உக்காந்திருக்கா. கம்பெனி ஆரம்பிக்கப் போறாளாம். பத்திரிகைக்காரன் நீ சொன்னா கேப்பா. வந்து ரெண்டு வார்த்தை சொல்லு.''

எம்.டெக். பயோடெக்னாலஜி படித்தவள். ஒரு மருந்து கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் மூன்று வருடம் வேலை. மாதம் முடிந்தால் சம்பளம், ஹாஸ்டல், வாரக் கடைசியில் சினிமா என்று நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஏன் இந்த விபரீதம்?

தயிர்தான் காரணம்.

லீவில் வீட்டுக்கு வந்தபோது அக்கா பாலுக்கு உறை ஊற்றி வைத்தாள். காலையில் பார்த்தால் தயிர் தோயவில்லை. மறுநாளும் அப்படியே. அக்கா பால்காரரைத் திட்டினாள், பனியைத் திட்டினாள், உறைமோர் கொடுத்த பக்கத்து வீட்டையும் விட்டுவைக்கவில்லை. பெண்ணுக்கு மட்டும் வேறு சந்தேகம். மாட்டுக்கு மடி நோய் வந்தால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள். போட்ட பிறகு சில நாட்களுக்கு அந்தப் பாலை விற்கக் கூடாது. ஏழைக் குடும்பம், ஒரே மாடு. எத்தனை நாள் பாலைக் கீழே ஊற்றுவார்கள்? அந்த மருந்து பாலில் தங்கினால், தயிரைத் தோய வைக்கும் பாக்டீரியாவையும் அது சாகடிக்கும். தயிரோடு போனால் பரவாயில்லை. தினமும் துளித் துளியாக அந்த மருந்து நம் உடம்புக்குள் போனால், நாளைக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும்போது கிருமிகள் அந்த மருந்துக்கு மசியாமல் போய்விடலாம்.

பெரிய டெய்ரிகளில் இதைச் சோதிக்க மெஷினும் உண்டு, கிட்டும் உண்டு. கிராமத்துப் பால் சொசைட்டியில், கேனோடு வரிசையில் நிற்கிறவரிடம் பத்துப் பதினைந்து ரூபாயில் சோதிக்கிற மாதிரி ஒன்று வேண்டும். அதுதான் அவள் திட்டம்.

நான் போனேன். சொல்ல வேண்டிய ரெண்டு வார்த்தையைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, ''பாங்க்குக்கு எங்கூட வர்றீங்களா மாமா?'' என்றாள்.

பாங்க் மேனேஜர் தங்கமான மனிதர். காபி வாங்கிக் கொடுத்தார். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். ''ரொம்ப நல்ல ஐடியாம்மா'' என்றார். அடுத்து அவர் கேட்ட மூன்று கேள்விகள்: மூன்று வருட வருமானவரி ரிட்டர்ன் இருக்கிறதா? முதல் வருட விற்பனை எவ்வளவு இருக்கும்? செக்யூரிட்டி என்ன கொடுப்பீர்கள்?

அவர் மீது தப்பே கிடையாது. பாங்க்கில் இருப்பது உங்களுடைய, என்னுடைய டெபாசிட். வேலை செய்யுமா என்று தெரியாத குச்சிக்கு அதைத் தூக்கிக் கொடுத்தால், முதலில் சண்டைக்குப் போகிறவன் நானாகத்தான் இருப்பேன். அத்தானிடம் அவள் கல்யாணத்துக்கென்று பன்னிரண்டு லட்சம் ஃபிக்சட் டெபாசிட்டில் இருந்தது. வேறு வழியில்லாமல் பேச்சு அதை நோக்கித்தான் நகர்ந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் ஒரு லேப்டாப், ஒரு நெட் கனெக்‌ஷன், ராத்திரி கண் விழிக்க ஃபிளாஸ்கில் டீ. இது போதும். உயிரியல் தொழில் அப்படி இல்லை. மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீஸர் வேண்டும். தூசு புகாத மேடை வேண்டும். ஐஸ் பெட்டியில் விமானம் ஏறி வரும் துளியூண்டு குப்பியின் விலையே கையைக் கடிக்கும். மூன்று நாள் கரன்ட் போனால் ஆறு மாத உழைப்பு கெட்டுப்போன மாவு மாதிரி ஆகிவிடும். இத்தனையும் வாங்கிப்போட்டு உழைத்த பிறகு, கடைசியில் ''இது வேலை செய்யாது'' என்பது பதிலாக வரலாம்.

இந்தப் பதிலுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

1978-ல் கிரண் மஜும்தார் பெங்களூரில் ஒரு கார் ஷெட்டில் பத்தாயிரம் ரூபாயோடு பயோகானைத் தொடங்கியபோது, பாங்க்குகள் கடன் தரத் தயங்கின. ஹைதராபாத்தில் வரபிரசாத் ரெட்டி என்ற எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினீயர், இந்தியாவிலேயே மஞ்சள் காமாலை - பி தடுப்பூசி செய்யக் கிளம்பியபோது, பணத்துக்கு ஓமன் நாட்டு அமைச்சர் ஒருவர்தான் கைகொடுத்தார். 1997-ல் அந்த ஊசி வெளிவந்தது. இறக்குமதி ஊசியின் விலையில் ஒரு சின்னப் பங்குதான் அதன் விலை. ஓமனில் ஒரு நல்ல மனசுக்காரர் கிடைக்காமல் போயிருந்தால்?

ஆளுக்கு ஒரு ஓமன் அமைச்சரைத் தேட முடியாது. அந்த இடத்தில்தான் அரசாங்கம் வருகிறது.

அமெரிக்காக்காரர்கள் இதை 1982-லேயே சட்டமாகப் போட்டார்கள். ஆராய்ச்சிக்கென்று வருடத்துக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் வெளியே கொடுக்கும் அரசுத் துறைகள், அதில் ஒரு சிறு சதவிகிதத்தைச் சின்னக் கம்பெனிகளுக்கு ஒதுக்கியே ஆகவேண்டும். முதல் கட்டத்தில், ''நடக்குமா என்று பார்'' எனக் கொஞ்சம் பணம். நடக்கும் என்று தெரிந்தால், இரண்டாவது கட்டத்தில் ''செய்து காட்டு'' என்று இன்னும் கொஞ்சம். மூன்றாவது கட்டத்துக்கு இந்த ஒதுக்கீட்டில் பைசா கிடையாது. நீயே போய் விற்றுக்கொள்.

இதில் என்ன வந்தது என்கிறீர்களா? சிலர் வீட்டு பாத்ரூமில் 'சோனிகேர்' எலெக்ட்ரிக் டூத்பிரஷ் இருக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் இரண்டு பேரும் ஒரு தொழில்முனைவரும் சேர்ந்து எண்பதுகளின் கடைசியில் ஆரம்பித்த சின்னக் கம்பெனி அது. பல் ஆராய்ச்சிக்காக இந்த ஒதுக்கீட்டில் கிடைத்த பணம்தான் ஆரம்ப ஊட்டம். 1992-ல் பிரஷ் கடைக்கு வந்தது. 2000-ல் பிலிப்ஸ் கம்பெனி மொத்தமாக வாங்கிக்கொண்டது.

நம் ஊரில் மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை 2005-ல் இந்தப் பாதையில் முதல் அடி வைத்தது. 2012-ல் இதற்கென்றே 'பைராக்' என்ற அமைப்பு உருவானது. லாப நோக்கமில்லாத அரசு நிறுவனம். அதன் பிரபலமான திட்டத்துக்கு 'பிக்' என்று செல்லப் பெயர். ஐடியாவோடு வருகிறவர்களுக்கு 18 மாதங்களில் ஐம்பது லட்சம் ரூபாய் வரைக்கும். பெங்களூர் சி-கேம்ப், ஹைதராபாத் ஐ.கே.பி. நாலெட்ஜ் பார்க், புனே வென்ச்சர் சென்டர் போன்ற இன்குபேட்டர்கள் வழியாக இது நடக்கிறது. கடன் இல்லை, வட்டி இல்லை, கம்பெனியில் பங்கும் கேட்பதில்லை.

இந்த மாதிரி ஒரு திட்டத்துக்குத்தான் எங்கள் வீட்டுப் பெண்ணும் விண்ணப்பம் போட்டாள். எந்தத் திட்டம், எவ்வளவு ரூபாய் என்பதை எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

விண்ணப்பத்தைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. இருபத்தி சொச்சம் வருடம் மற்றவர்கள் எழுதியதை வெட்டிச் சம்பாதித்தவன் ஆயிற்றே! இங்கிலீஷைச் சரி பண்ணினேன். பட்ஜெட்டைக் கட்டம் கட்டினேன். 'ரிஸ்க்' என்று ஒரு பகுதி. என்னென்ன தப்பாகப் போகலாம் என்று எழுத வேண்டும். அம்மணி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். வெயிலில் கெடலாம், கொழுப்பு அதிகமான எருமைப் பாலில் தடுமாறலாம், புது மருந்து வந்தால் பிடிபடாமல் போகலாம்...

''யாராவது தன் குறையைத் தானே இவ்வளவு சொல்வாங்களா?'' என்று ரெண்டே வரியாகச் சுருக்கினேன்.

மறுநாள் பார்த்தால் ஒன்றரைப் பக்கமும் பழையபடி உட்கார்ந்திருக்கிறது.

''மாமா, இது மேட்ரிமோனியல் புரொஃபைல் இல்ல'' என்றாள்.

கிடைத்தது! 2023-ல் கடிதம் வந்தது. அத்தான் கடிதத்தை மூன்று தரம் படித்துவிட்டுக் கேட்ட கேள்வி: ''சும்மா குடுக்குறானா? எலெக்‌ஷன் ஏதாச்சும் வருதா?''

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இரண்டு டைரக்டர்கள் வேண்டும் அல்லவா? ஒருத்தி இவள். இன்னொருவர் என் அக்கா. சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது, அடுப்படி மேடையில் காகிதத்தை வைத்து போர்டு தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட ஒரே டைரக்டர் அநேகமாக அவளாகத்தான் இருப்பாள்.

மானியம் என்றதும் நமக்குக் கேஸ் சிலிண்டர்தான் ஞாபகத்துக்கு வரும். வந்தது, வாங்கினோம், செலவழித்தோம். இது அந்த ஜாதி இல்லை. கணக்கு எழுத நான் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. இந்தப் பணத்துக்கென்று தனி பாங்க் அக்கவுன்ட். மொத்தமாகத் தர மாட்டார்கள். இத்தனை மாதத்தில் இதைச் செய்து காட்டு, அடுத்த தவணை. ஆள் சம்பளத்துக்கு வைத்த பணத்தில் மெஷின் வாங்கக் கூடாது. பெரிய பொருள் வாங்கினால் மூன்று கொட்டேஷன். அக்கவுன்ட்டில் சும்மா கிடந்த பணத்துக்கு பாங்க் வட்டி போட்டால், அந்த வட்டியும் அரசாங்கத்துக்கே போக வேண்டும்.

''வட்டியுமா?'' என்று டைரக்டர் அம்மா அதிர்ந்துபோனார்.

கல்லூரியில் அக்கவுன்டிங் ஸ்டாண்டர்டு 12 என்று ஒன்று படித்தோம். அரசு மானியத்தை எப்படிக் கணக்கில் எழுதுவது என்பதற்கான விதி. பரீட்சைக்கு முந்தின நாள் உருப்போட்டு, மறுநாள் மறந்தது. பணம் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மானியத்தை வருமானமாக எழுதிவிடாதே, நிபந்தனைகளை நிறைவேற்றுவாய் என்ற நியாயமான நம்பிக்கை இருந்தால்தான் எழுத வேண்டும் என்கிறது அது. இருபது வருடம் கழித்து, ராத்திரி பதினோரு மணிக்கு அதைப் படித்தபோது, கணக்குப் பாடத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்ததா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

லேபில் வேலை ஜோராக நடந்தது. சென்னைக்கு வெளியே ஒரு இன்குபேட்டரில் பத்துக்குப் பத்து இடம். இவளும் இரண்டு உதவியாளர்களும். கொரோனா டெஸ்ட் கிட் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிதான் குச்சி. தங்கத் துகளில் ஆன்டிபாடி என்ற புரதத்தை ஒட்டவைத்து, அதைக் குச்சியில் காயவைப்பார்கள். பாலில் முக்கினால், அந்தத் துகள்கள் ஊறி நகர்ந்து, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு சிவப்புக் கோடாகத் தெரியும்.

ஒரு விநோதம், இங்கே கோடு தெரிந்தால்தான் பால் சுத்தம். பாலில் மருந்து இருந்தால் அது வழியிலேயே ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும். கோட்டில் ஒட்ட எதுவும் மிச்சமிருக்காது. அதாவது, கோடு காணோம் என்றால் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். குச்சியே கெட்டுப்போனதா என்று பார்க்க, பக்கத்தில் வேறொரு கோடு இருக்கும்.

லேபில் இருநூறு முறை சோதித்தாள். அருமையாக வேலை செய்தது.

இந்த நேரத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். ஒவ்வொரு குச்சியையும் தனித்தனி அலுமினியக் கவரில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டிருந்தாள். கணக்குப் பார்த்தேன். கவர் விலையே குச்சி விலையைத் தொட்டுவிடும்போல இருந்தது. ''ஒரு டப்பாவுல அம்பது குச்சி போடு. காஸ்ட் பாதியாகும். சொசைட்டிக்காரங்க இந்த விலைக்கு வாங்கவே மாட்டாங்க'' என்றேன். அவள் தயங்கினாள். நான் விடவில்லை. பி.காம்!

2024 மே. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பால் சொசைட்டி. தகரக் கூரை. அக்னி நட்சத்திர வெயில். இரண்டு வாரமாகக் குச்சி டப்பா அங்கே மேஜை மேலேயே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஈரக் கையோடு திறந்து ஒரு குச்சியை எடுப்பார்கள். அவசரத்தில் மூட மறப்பார்கள். நாமாக இருந்தாலும் அப்படித்தானே செய்வோம்?

அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன், கட்டுரைக்கு விஷயம் கிடைக்கும் என்று. வரிசையில் ஓர் அம்மா. ஐம்பது வயதிருக்கும். எவர்சில்வர் தூக்கில் நாலு லிட்டர் பால். குச்சியை முக்கினார்கள். பக்கத்துக் கோடு பளிச்சென்று வந்தது. வர வேண்டிய கோடு வரவில்லை.

''மருந்து இருக்கு'' என்றார் செக்ரட்டரி.

''என்னாது?'' என்றது அந்த அம்மா. ''எம் மாட்டுக்கு ஊசியே போடலீங்க.''

''குச்சி சொல்லுது.''

''குச்சி சொன்னா? எம் மாடு எனக்குத் தெரியாதா?''

வரிசையில் இருந்தவர்கள் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைச் சொல்ல வேண்டும். கலப்படக்காரியைப் பார்க்கிற பார்வை. தூக்கை ஓரமாக வைக்கச் சொன்னார்கள். அந்த அம்மா அதற்கு மேல் சண்டை போடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரோரமாக நின்றது.

எங்கள் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பாலில் கொஞ்சம் சீசாவில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோய், பெரிய மெஷினில் கொடுத்தாள். நாலாம் நாள் ரிசல்ட்: மருந்து எதுவும் இல்லை. சுத்தமான பால்.

வெயிலிலும் ஈரத்திலும் ஆன்டிபாடி செத்திருந்தது. செத்த ஆன்டிபாடி கோட்டில் ஒட்டாது. கோடு வரவில்லை என்றால், குச்சியின் பாஷையில் 'பால் மோசம்'.

மறுபடி அந்தக் கிராமத்துக்கு பஸ் ஏறிப் போனாள். சொசைட்டியில் எல்லாரும் இருக்கும்போது, ''தப்பு என் குச்சியில, பால்ல இல்ல'' என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவிடம் நாலு லிட்டருக்கு நூற்று நாற்பது ரூபாய் கொடுத்திருக்கிறாள். மானியப் பணத்தில் அதை எழுதத் தலைப்பு கிடையாது. கைக்காசுதான்.

தனிக் கவரில் போட்டும் பார்த்தாள். கொஞ்சம் தாக்குப்பிடித்தது. ஆறு வாரத்தில் அதுவும் மங்கியது. காயவைக்கும் முறையையே மாற்ற வேண்டும், அதற்கு இன்னும் ஒன்றரை வருடமாவது ஆகும். அவளிடம் இருந்ததோ நாலு மாதம். கடைசித் தவணைக்கான கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இப்போது சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

''கிராமத்து ரிசல்ட்டை ஏன் பெரிசா காட்டணும்?'' என்று நான்தான் கேட்டேன். ''லேப் ரிசல்ட் இருநூறு இருக்கு. 'கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் சிறப்பாகச் செயல்பட்டது'ன்னு போடு. பொய் இல்லையே! தவணையை வாங்கிட்டு அப்புறம் சரி பண்ணிக்கலாம்.''

ஊரில் எத்தனையோ ஊழலைப் பற்றி எழுதியவன். அரசு பணத்தை ஏப்பம் விட்டவர்களை இதே பத்தியில் கிழித்தவன். அன்றைக்கு இந்த வார்த்தைகள் எனக்குச் சரளமாக வந்தன. சொந்தப் பெண் என்றதும் இங்கிலீஷ் என்ன அழகாக வளைந்து கொடுக்கிறது!

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

''அந்த அம்மாவ மறுபடி சுவரோரமா நிக்க வைக்கச் சொல்றீங்களா மாமா?''

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை டிகிரியில், எத்தனை நாளில், எவ்வளவு மங்கியது என்று வரைபடம் போட்டுக் காட்டினாள். நிபுணர்கள் ஒரு மணி நேரம் குடைந்திருக்கிறார்கள். திட்டம் அத்துடன் முடித்துவைக்கப்பட்டது. நேர்மையாகச் செலவானதைத் திருப்பிக் கேட்கவில்லை. மிச்சமிருந்த தொகையும் வட்டியும் திரும்பிப் போயின. 12-ஏ என்ற படிவத்தில் செலவுச் சான்றிதழ் தயார் செய்ததும் நான்தான். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, எதற்காகச் செலவு, எவ்வளவு மிச்சம். இதையெல்லாம் கேட்கிறார்கள். 'ஜெயித்தாயா?' என்று ஒரு கட்டம் இருக்கும் என்று தேடினேன். இல்லை.

''அப்போ நம்ம வரிப்பணம் போச்சா?'' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அத்தானும் இதையேதான் கேட்டார்.

மெஷின் போகவில்லை, இன்குபேட்டரில் இருக்கிறது, அடுத்தவர் உபயோகிக்கலாம். உதவியாளர்கள் இரண்டு பேரும் வேறு கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள், இங்கே கற்றதோடு. அந்த வரைபடம் அரசாங்கத்திடம் இருக்கிறது. அடுத்து இதே ஐடியாவோடு வருகிற ஆளிடம், 'வெயிலுக்கு என்ன செய்தாய்?' என்று நிபுணர்கள் முதல் கேள்வியாகக் கேட்பார்கள். இவ்வளவுதான் கையில் நிற்பது. இது போதுமா என்றால், இந்த ஒரு கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் போதாதுதான்.

ஆனால், இந்தப் பணத்தை ஒரு ஆளுக்குக் கொடுத்த பணமாகப் பார்க்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. நூறு பேரிடம் நூறு கேள்விகளைக் கொடுத்து அனுப்புகிறோம். பெரும்பாலானவர்கள் ''இல்லை'' என்ற பதிலோடு திரும்புவார்கள். ஒன்றிரண்டு பேர் ஒரு தடுப்பூசியோடு வரலாம். நூறு பேரும் ஜெயித்தால் தேர்வு சரியில்லை என்று அர்த்தம், அவர்களுக்கு பாங்க்கே கொடுத்திருக்கும். நாம் பயப்பட வேண்டியது, ''இல்லை'' என்ற பதிலை ''ஆமாம்'' என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துத்தான். அப்படி எழுதச் சொல்லிக் கொடுக்க வீட்டுக்கு ஒரு மாமா இருப்பான் என்பதுதான் கவலை.

இன்னொன்று. அத்தானின் பன்னிரண்டு லட்சம் பத்திரமாக இருக்கிறது. கடை இருக்கிறது, வீடு இருக்கிறது. பாங்க் கடனாகவோ அப்பா பணமாகவோ இருந்திருந்தால், அந்தக் கூட்டத்தில் அவளால் அப்படி நிமிர்ந்து நின்று ''தோற்றுவிட்டது'' என்று சொல்லியிருக்க முடியுமா? வீட்டை ஜப்தி செய்ய ஆள் நிற்கும்போது உண்மை பேச எவ்வளவு தைரியம் வேண்டும்! திருப்பித் தர வேண்டாத பணம் அவளுக்கு அந்தச் சௌகரியத்தைக் கொடுத்தது. அதற்கும் சேர்த்துத்தான் நாம் வரி கட்டியிருக்கிறோம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவள் இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ராத்திரியில் புரதத்தைச் சர்க்கரையோடு சேர்த்துப் புது மாதிரி காயவைப்பது பற்றி ஏதேதோ படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு மெயில் வந்தது. புது விண்ணப்பத்தின் நகல். 'இங்கிலீஷும் பட்ஜெட்டும் மட்டும் பாருங்க மாமா. வேற எதையும் தொடாதீங்க' என்று குறிப்பு.

ரிஸ்க் பகுதி இந்த முறை இரண்டேகால் பக்கம். நான் ஒரு வரியையும் வெட்டவில்லை. முதலாவது வெயில். இரண்டாவது ஈரம். மூன்றாவதாக, 'செலவைக் குறைப்பதற்காக, சோதித்துப் பார்க்காமல் பேக்கிங்கை மாற்றுவது' என்று இருந்தது.

போன் பண்ணினேன். ''ஏம்மா, இந்த மூணாவது ரிஸ்க்...''

''ஆமா மாமா'' என்றாள் சிரித்துக்கொண்டே. ''அது நீங்கதான்.''